கால்வழிப் படக் கணக்குகள்: பிளஸ் டூ, நீட் மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக யார் யாருக்கு ஒரு நோய் வந்தது என்று வரைந்து காட்டுவது கால்வழிப் படம். அது எந்த மரபுக்கடத்தல் முறையையும் நிரூபிப்பதில்லை. பொருந்தாத முறைகளைத் தள்ளத்தான் அது உதவும். பாடப்புத்தகத்தில் மரபுக் கால்வழி என்றும் பயிற்சி வகுப்பில் பெடிகிரி என்றும் சொல்லப்படும் இந்தக் கணக்கில், இதைப் பிடித்துக்கொண்டாலே பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். ‘நிறையப் பேருக்கு நோய் இருக்கிறது, ஆகவே ஓங்கு’, ‘ஆண்களுக்கு மட்டும் வந்திருக்கிறது, ஆகவே எக்ஸ் சார்ந்தது’ என்று தலைகளை எண்ணி விடை எழுதும்போதுதான் மதிப்பெண் போகிறது. (ஒரு ஜீனின் மாற்று வடிவம் அல்லீல். ஒன்று இருந்தாலே வெளிப்படுவது ஓங்கு; இயல்பான அல்லீல் கூட இருந்தால் மறைந்துகொள்வது ஒடுங்கு. ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருந்தால் எக்ஸ் சார்ந்தது.) எண்ண வேண்டாம். அப்பா, அம்மா, பிள்ளை என்று மூவர் மூவராகப் பாருங்கள். அந்த மூவரால் எந்த முறை அடிபடுகிறது என்று கேளுங்கள்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்ய வேண்டும். நான்காம் படியில் கேட்கும் கேள்வி மூன்றாம் படியின் விடையைப் பொறுத்தது என்பதால் வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்.

படி 1: குறியீடுகளைப் படிப்பது

சதுரம் ஆண், வட்டம் பெண், சாய்சதுரம் பால் குறிப்பிடப்படாதவர். உள்ளே நிறைத்திருந்தால் நோய் உள்ளவர். இருவருக்கு நடுவே ஒற்றைக் கிடைக்கோடு திருமணம். இரட்டைக் கோடு இருந்தால் நெருங்கிய உறவில் திருமணம். குறுக்காக ஒரு சாய்கோடு வெட்டினால் இறந்தவர். ஒரே புள்ளியிலிருந்து இரண்டு சாய்கோடுகள் இறங்கினால் இரட்டையர். அந்தச் சாய்கோடுகளைக் கிடைக்கோடு ஒன்று இணைத்தால் ஒரே கருமுட்டை இரட்டையர். அம்புக்குறி காட்டும் நபர்தான் மருத்துவரிடம் முதலில் வந்தவர். அவரை வைத்துத்தான் குடும்ப விசாரணை தொடங்கியது. உடன்பிறந்தோரை இடமிருந்து வலமாக மூத்தவர் முதல் இளையவர் வரை வரைவது வழக்கம்.

நோய் வெளிப்படாமல் நோய் அல்லீலை மட்டும் சுமக்கும் கடத்திகளைப் பாதி நிறைத்த வடிவமாகவோ, நடுவில் புள்ளி வைத்த வட்டமாகவோ காட்டுவார்கள். ஆனால் தேர்வில் வரும் பெரும்பாலான படங்களில் கடத்திகளுக்குக் குறி இருக்காது. வெற்று வட்டம் என்றால் ‘நோய் வெளிப்படாதவர்’ என்று மட்டுமே பொருள். ‘நோய் அல்லீல் இல்லாதவர்’ என்று பொருளல்ல. இந்த வேறுபாட்டை விட்டவர்கள் ஆறாம் படியில் தடுமாறுவார்கள்.

படி 2: எண்ணிடுவது

வினாத்தாள் படத்தில் தலைமுறைகளுக்கு ரோமன் எண்கள் இருக்கும். இல்லாவிட்டால் நீங்களே போடுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் இடமிருந்து வலமாக 1, 2, 3 என்று எல்லோருக்கும், திருமணமாகி வந்தவர்களுக்கும் சேர்த்து, எண் கொடுங்கள். இங்கே ‘2-3’ என்றால் இரண்டாம் தலைமுறையின் மூன்றாம் நபர். மேலே பெற்றோர் வரையப்படாமல் கிடைக்கோட்டில் மட்டும் நிற்பவர்தான் வெளியிலிருந்து வந்தவர். அவரைப் பென்சிலால் லேசாக வட்டமிட்டு வையுங்கள், பின்னால் உதவும்.

படி 3: ஓங்கா, ஒடுங்கா?

படம் முழுக்கத் தேட வேண்டியது இரண்டே அமைப்புகளை.

முதலாவது, நோயில்லாத பெற்றோர் இருவருக்கும் நோயுள்ள பிள்ளை. பிள்ளைக்கு வந்த அல்லீல் பெற்றோரிடம் மறைந்திருந்தது. மறைந்திருக்க முடிந்ததால் அது ஒடுங்கு.

இரண்டாவது, நோயுள்ள பெற்றோர் இருவருக்கும் நோயில்லாத பிள்ளை. நோய் ஒடுங்கு என்றால் இந்தப் பெற்றோரிடம் இயல்பான அல்லீலே இருந்திருக்காது. பிள்ளை நோயின்றிப் பிறக்க வழியில்லை. ஆகவே ஓங்கு.

இரண்டுமே படத்தில் இல்லாமல் போகலாம். நோயுள்ள ஒருவரும் நோயில்லாத ஒருவரும் சேர்ந்த குடும்பங்களே எல்லாத் தலைமுறையிலும் இருந்தால் இரண்டு வாய்ப்பும் திறந்தே இருக்கும். அப்போது ‘இதுதான்’ என்று முடிவு கட்டாமல் இரண்டையும் நான்காம் படிக்கு எடுத்துச் செல்லுங்கள். நோயுள்ள ஒவ்வொருவருக்கும் நோயுள்ள பெற்றோர் ஒருவராவது இருந்து, எந்தத் தலைமுறையும் விடுபடாமல் இருந்தால் ஓங்குக்கு வாய்ப்பு அதிகம். வாய்ப்பு அதிகம் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

படி 4: ஆட்டோசோமா, எக்ஸ் குரோமோசோமா?

எக்ஸ், ஒய் அல்லாத மற்றக் குரோமோசோம்கள்தான் ஆட்டோசோம்கள். இங்கே மனப்பாடம் தேவையில்லை. ஆணின் ஒரே எக்ஸ் குரோமோசோம் அம்மாவிடமிருந்து வந்தது. அதை அவர் எல்லா மகள்களுக்கும் கொடுப்பார், எந்த மகனுக்கும் கொடுக்க மாட்டார். மற்றதெல்லாம் இதிலிருந்து கிடைக்கும்.

நோய் ஒடுங்கு என்று முடிவாகியிருந்தால் நோயுள்ள பெண்களைத் தேடுங்கள். எக்ஸ் சார்ந்த ஒடுங்கு நோய் ஒரு பெண்ணுக்கு வர இரண்டு எக்ஸிலும் நோய் அல்லீல் வேண்டும். அதில் ஒன்று அப்பாவுடையது, ஆகவே அப்பா நோயாளியாக இருந்தாக வேண்டும். அந்தப் பெண்ணின் மகன்கள் அனைவருக்கும் அவளிடமிருந்தே எக்ஸ் போவதால் அவர்களும் நோயாளிகளாக இருந்தாக வேண்டும். நோயுள்ள பெண்ணின் அப்பா நோயற்றவராகவோ, மகன் ஒருவனாவது நோயற்றவனாகவோ இருந்தால் எக்ஸ் அடிபட்டது. மிஞ்சுவது ஆட்டோசோம் ஒடுங்கு.

நோய் ஓங்கு என்றால் நோயுள்ள ஆண்களைத் தேடுங்கள். எக்ஸ் சார்ந்த ஓங்கு என்றால் அவர்களுடைய மகள்கள் எல்லோருக்கும் நோய் இருக்க வேண்டும்; அந்த ஆண்களின் அம்மாவுக்கும் நோய் இருக்க வேண்டும். மகள் ஒருத்தி தப்பியிருந்தாலோ, அம்மா நோயற்றவராக இருந்தாலோ எக்ஸ் அடிபட்டு ஆட்டோசோம் ஓங்கு மிஞ்சும்.

மூன்றாம் படியையும் நான்காம் படியையும் ஒரே பார்வையில் முடித்துவிடும் இரண்டு மூவர் அமைப்புகள் உண்டு. நோயற்ற பெற்றோருக்கு நோயுள்ள மகள்: ஆட்டோசோம் ஒடுங்கு. நோயுள்ள பெற்றோருக்கு நோயற்ற மகள்: ஆட்டோசோம் ஓங்கு. படத்தைப் பார்த்தவுடன் கண் முதலில் தேட வேண்டியது இந்த இரண்டையும்தான். மகனை வைத்து இப்படி முடிக்க முடியாது.

பலரும் விழும் குழி ஒன்று: ‘அப்பாவுக்கும் மகனுக்கும் நோய் இருக்கிறது, அப்பா மகனுக்கு எக்ஸ் கொடுப்பதில்லை, ஆகவே எக்ஸ் சார்ந்த ஒடுங்கு இல்லை.’ இது தவறு. அம்மா கடத்தியாக இருந்து மகன் அவரிடமிருந்து நோயைப் பெற்றிருக்கலாம். எக்ஸ் சார்ந்த ஓங்குக்கும் இதே எச்சரிக்கைதான்: அம்மா நோயற்றவர் என்று படம் காட்டினால்தான் அது அடிபடும்.

ஒய் சார்ந்தது என்றால் நோயுள்ள அப்பாவின் எல்லா மகன்களுக்கும் நோய் வரும், பெண்களுக்கு வராது. மைட்டோகாண்ட்ரியா வழி என்றால் நோயுள்ள அம்மாவின் எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லீல் போகும், நோயுள்ள அப்பாவின் எந்தப் பிள்ளைக்கும் போகாது. இந்த இரண்டையும் ஒரே ஒரு விதிவிலக்கைத் தேடிக் கண்டுபிடித்துத் தள்ளிவிடலாம்.

படி 5: ஒரு முழுக் கணக்கு

வெள்ளைத்தாளில் இதை வரைந்துகொண்டு படியுங்கள். 1-1 நோயுள்ள ஆண். 1-2 நோயற்ற பெண். இவர்களுக்கு மூன்று பிள்ளைகள்: மகள் 2-2, மகன் 2-3, மகள் 2-4. மூவரும் நோயற்றவர்கள். 2-2ஐத் திருமணம் செய்தவர் 2-1. 2-4ஐத் திருமணம் செய்தவர் 2-5. இருவரும் வெளியிலிருந்து வந்தவர்கள், நோயற்றவர்கள். முதல் தம்பதிக்கு மகன் 3-1 நோயுள்ளவன், மகள் 3-2 நோயற்றவள். இரண்டாம் தம்பதிக்கு மகன் 3-3 நோயற்றவன், மகன் 3-4 நோயுள்ளவன்.

2-1, 2-2, 3-1 மூவரையும் பாருங்கள்: நோயற்ற பெற்றோர், நோயுள்ள பிள்ளை. ஒடுங்கு. ஒய் சார்ந்ததா? 1-1இன் மகன் 2-3 நோயற்றவன், ஆகவே இல்லை. எக்ஸா ஆட்டோசோமா? நோயுள்ள பெண்ணே படத்தில் இல்லை, எக்ஸைத் தள்ள வழியில்லை. ஆட்டோசோமையும் தள்ள முடியாது. ஆனால் ஆட்டோசோம் ஒடுங்கு என்று கொண்டால், உறவே இல்லாத 2-1, 2-5 இருவருமே தற்செயலாகக் கடத்திகளாக இருந்தாக வேண்டும். எக்ஸ் என்றால் அப்படி எதுவும் தேவையில்லை. 1-1இன் மகள்கள் இருவரும் இயல்பாகவே கடத்திகள். ஆகவே விடை: ‘எக்ஸ் சார்ந்த ஒடுங்குக்கே வாய்ப்பு அதிகம், ஆட்டோசோம் ஒடுங்கு முற்றிலும் விலக்கப்படவில்லை.’ படி 2இல் வெளியாட்களை வட்டமிட்டது இதற்காகத்தான்.

இப்போது அதே படத்தில் 3-2ஐ மட்டும் நிறையுங்கள். நோயற்ற 2-1இன் மகளுக்கு நோய். எக்ஸ் உடனே அடிபடுகிறது. வெளியாட்கள் இருவரும் கடத்திகளாக இருப்பது எவ்வளவு அரிதாகத் தோன்றினாலும் இனி அதுதான் விடை: ஆட்டோசோம் ஒடுங்கு. ஒரு வட்டத்தை நிறைத்ததில் விடை முழுதாக மாறிவிட்டது. நீட் வினா தயாரிப்பவர்கள் பயன்படுத்துவதும் இதே உத்திதான்.

படி 6: ஒவ்வொருவருக்கும் மரபு வகை எழுதுவது

மரபு வகை என்றால் ஒருவரிடம் உள்ள அல்லீல்களின் சேர்க்கை. இங்கே ஓங்கு அல்லீலை நெடில் ‘ஓ’ என்றும் ஒடுங்கு அல்லீலைக் குறில் ‘ஒ’ என்றும் எழுதுகிறோம். விடைத்தாளில் வழக்கம்போல ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் போடுங்கள். சி, எஸ், டபிள்யூ எழுத்துகளை எடுக்காதீர்கள்; கையால் எழுதும்போது பெரியதும் சிறியதும் ஒன்றுபோலவே இருக்கும், திருத்துபவருக்கு உங்கள் விடை புரியாது. ஏ, பி, ஹெச் பாதுகாப்பானவை. எக்ஸ் சார்ந்தது என்றால் அல்லீலை எக்ஸின் தலைக்குமேல் சிறிதாக எழுதி, ஆண்களுக்கு ஒய்யை வெறுமனே விடுங்கள். ஒய்யின் மேல் அல்லீல் எழுதினால் விடை தவறாகிவிடும்.

ஒடுங்கு நோய் என்றால் நோயுள்ளவரிடமிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் உறுதியாகத் தெரிந்தது அவருடைய மரபு வகைதான்: ஒஒ. அங்கிருந்து மேலே ஏறுங்கள்: அவருடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு ‘ஒ’ இருந்தாக வேண்டும். பிறகு கீழே இறங்குங்கள்: அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ‘ஒ’ போயிருக்க வேண்டும். ஓங்கு நோய் என்றால் நோயற்றவரிடமிருந்து தொடங்க வேண்டும்; அங்கே ஒஒ அவர்தான். இரண்டாம் அல்லீல் தெரியாதவருக்கு ‘ஓ’ எழுதிப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் இடுங்கள். ஊகித்து நிரப்பக் கூடாது. அந்தக் கோடுகள்தான் அடுத்த படியில் பின்னங்களாக மாறும்.

படி 7: நிகழ்தகவு

ஆட்டோசோம் ஒடுங்கு நோயில் கடத்திகள் இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 1/4 வாய்ப்பு. ஒவ்வொரு பிறப்பும் தனி. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பும் என்பது பொய். அடுத்த குழந்தைக்கும் அதே 1/4தான்.

நோயுள்ள பிள்ளையின் நோயற்ற உடன்பிறப்பு கடத்தியாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? 1/2 என்று எழுதுபவர்கள் அதிகம். சரியான விடை 2/3. கடத்திப் பெற்றோருக்கு நான்கு வகைச் சேர்க்கைகள்: ஒன்று ஓஓ, இரண்டு ஓஒ, ஒன்று ஒஒ. இவர் நோயற்றவர் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் ஒஒ கணக்கிலிருந்து வெளியேறுகிறது. மிஞ்சிய மூன்றில் இரண்டு கடத்தி. இன்னும் பிறக்காத குழந்தை கடத்தியாக இருக்கும் வாய்ப்பைக் கேட்டால்தான் 1/2. வினாவில் ‘நோயற்ற’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பீட்டா தலசீமியா உள்ள தங்கையைக் கொண்ட நோயற்ற ஆண், அதே நோயுள்ள தம்பியைக் கொண்ட நோயற்ற பெண்ணை மணக்கிறார். குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 2/3 × 2/3 × 1/4 = 1/9.

தமிழகத்தில் தாய்மாமன் திருமணம் பழக்கத்தில் இருப்பதால் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது. நோயற்ற தம்பதிக்கு மூன்று பிள்ளைகள். ஒரு மகனுக்கு ஆட்டோசோம் ஒடுங்கு நோய், மற்றொரு மகனும் மகளும் நோயற்றவர்கள். நோயற்ற மகள் வெளியில் திருமணம் செய்கிறார்; அவருடைய கணவரிடம் நோய் அல்லீல் இல்லை என்று கொள்வோம். அவர்களுக்குப் பிறந்த பெண்ணை, நோயற்ற அந்த மாமன் மணக்கிறார். மாமன் கடத்தியாக இருக்க 2/3. பெண்ணின் அம்மா கடத்தியாக இருக்க 2/3. அது மகளுக்குப் போக 1/2. ஆக மகள் கடத்தியாக இருக்க 1/3. குழந்தைக்கு நோய் வர 2/3 × 1/3 × 1/4 = 1/18. மாமனுக்குப் பதிலாக, அவர் வெளியில் மணந்து பெற்ற மகனை அத்தை மகளான இதே பெண் மணந்தால் 1/3 × 1/3 × 1/4 = 1/36. உறவு ஒரு படி விலகும்போது ஆபத்து பாதியாகிறது. உறவுத் திருமணம் நோய் அல்லீலைப் புதிதாக உண்டாக்குவதில்லை. ஒரே முன்னோரின் அல்லீல் இரண்டு வழியாக வந்து ஒரே குழந்தையிடம் சேரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஐந்து மதிப்பெண் வினாவில் இந்த வரியை எழுத மறக்காதீர்கள்.

எக்ஸ் சார்ந்த கணக்கில் ‘குழந்தை’, ‘மகன்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். கடத்திப் பெண்ணும் நோயற்ற ஆணும் என்றால் ஒரு குழந்தைக்கு நோய் வர 1/4. மகன் என்று சொல்லிவிட்டால் 1/2. இரத்தம் உறையாத நோயான ஹீமோஃபிலியா உள்ள சகோதரனைக் கொண்ட பெண், அவருடைய அம்மா கடத்தி என்று தெரிந்த நிலையில், கடத்தியாக இருக்க 1/2. அவர் நோயற்றவரை மணந்தால் முதல் குழந்தைக்கு நோய் வர 1/2 × 1/4 = 1/8.

அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே நோயற்ற மகன்கள் இருவர் இருந்தால்? இனி 1/2 அப்படியே நிற்காது. இதே நிலையில் உள்ள 8 பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்: 4 பேர் கடத்திகள், 4 பேர் இல்லை. கடத்திகளில் இரண்டு மகன்களும் தப்பும் வாய்ப்பு 1/2 × 1/2 என்பதால் ஒருவர் மட்டுமே இந்த நிலையில் இருப்பார். கடத்தி அல்லாத 4 பேருக்கும் எல்லா மகன்களும் நோயற்றவர்களே. ஆக 5 பேரில் ஒருவர் கடத்தி: 1/5. மாறாக, ஒரு மகனுக்கு நோய் வந்துவிட்டால் அவர் கடத்தி என்பது உறுதி. அடுத்த மகனுக்கு 1/2.

அரச குடும்பத்தில் பயிற்சி

உலகில் அதிகம் வரையப்பட்ட கால்வழிப் படம் விக்டோரியா மகாராணியுடையது. 1819இல் பிறந்த அவருக்கு ஒன்பது பிள்ளைகள். மகன் லியோபோல்டு, 1853இல் பிறந்து 1884இல் இறந்தவர், ஹீமோஃபிலியா உள்ளவர். மகள்கள் ஆலிஸும் பியாட்ரிஸும் கடத்திகள். ஆலிஸின் மகள் வழியாக ரஷ்ய ஜார் இரண்டாம் நிக்கோலஸின் மகன் அலெக்சிக்கும், பியாட்ரிஸின் மகள் வழியாக ஸ்பெயின் அரச குடும்பத்துக்கும் நோய் போனது. அலெக்சியின் குடும்பத்தினர் எச்சங்களில் நடந்த டிஎன்ஏ ஆய்வு, அது ஒன்பதாம் உறைதல் காரணி குறைபடும் ஹீமோஃபிலியா பி என்று 2009இல் காட்டியது. அதிகம் காணப்படும் ஹீமோஃபிலியா ஏயில் குறைவது எட்டாம் காரணி.

இதை வரைந்து மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். லியோபோல்டின் மகள் கடத்தியா? அப்பாவின் ஒரே எக்ஸ் அவருக்குத்தான் வந்தது, ஆகவே உறுதியாகக் கடத்தி. அவருடைய மகன் ஒருவருக்கு நோய் இருந்தது. லியோபோல்டின் மகனுக்கு ஏன் வரவில்லை? அப்பாவிடமிருந்து அவருக்கு ஒய் மட்டுமே வந்தது. விக்டோரியாவின் மூத்த மகன் ஏழாம் எட்வர்டு நோயற்றவர்; அவருடைய வழித்தோன்றல்களுக்கு அவர் மூலம் நோய் வருமா? எக்ஸ் சார்ந்த ஒடுங்கு நோயில் ஆண் கடத்தியாக இருக்க முடியாது, அவரிடம் நோய் இல்லையென்றால் அல்லீலும் இல்லை. பிரிட்டன் அரச வரிசைக்கு நோய் தொடராதது இதனால்தான். விக்டோரியாவின் அப்பா நோயற்றவர். அம்மா வழி உறவில் நோய் இருந்ததற்கான சுவடும் இல்லை. அதனால் இதைப் புதிய திடீர்மாற்றமாகவே கருதுகிறார்கள்.

எந்த நோய் எந்த வகை

வினாவில் நோயின் பெயரே கொடுத்துவிட்டால் மூன்றாம், நான்காம் படிகள் தேவையில்லை. ஆட்டோசோம் ஒடுங்கு: அல்பினிசம், ஃபினைல்கீட்டோனூரியா, அல்காப்டோனூரியா, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், தலசீமியா, கதிர் அரிவாள் இரத்தசோகை. ஆட்டோசோம் ஓங்கு: ஹண்டிங்டன் கோரியா, மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி. எக்ஸ் சார்ந்த ஒடுங்கு: ஹீமோஃபிலியா, சிவப்பு-பச்சை நிறக்குருடு, டுஷேன் தசைச்சிதைவு. எக்ஸ் சார்ந்த ஓங்கு: வைட்டமின் டிக்கு அடங்காத ரிக்கெட்ஸ். டவுன், டர்னர், கிளைன்ஃபெல்டர் ஆகியவை குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறுகள். பெரும்பாலும் இனச்செல் உருவாகும்போது நேரும் பிழையால் வருபவை என்பதால் மேலே சொன்ன விதிகளில் அவற்றை அடைக்க முயலாதீர்கள்.

இவற்றில் கதிர் அரிவாள் இரத்தசோகைக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். 11ஆம் குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் ஜீனில் ஒரே ஒரு காரம் மாற, புரதச் சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து அமர்கிறது. நோய் என்ற அளவில் பார்த்தால் இது ஒடுங்கு. இரத்தத்தை எலக்ட்ரோஃபோரெசிஸுக்கு (மின்புலத்தில் மூலக்கூறுகளைப் பிரிக்கும் முறைக்கு) உட்படுத்தினால் கடத்தியிடம் இயல்பு ஹீமோகுளோபின், அரிவாள் ஹீமோகுளோபின் இரண்டும் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். அந்த அளவில் இது இணை ஓங்குத்தன்மை. வினா எந்த அளவில் கேட்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். கடத்திகளுக்கு மலேரியாவின் கடுமையிலிருந்து பாதுகாப்பு கிடைப்பதால்தான் மலேரியா பரவிய பகுதிகளில் இந்த அல்லீல் அழியாமல் நிலைத்தது. இந்தியாவில் இது முதன்முதலில் 1952இல் அறியப்பட்டது நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம்.

தலசீமியாவில் குளோபின் சங்கிலியின் அளவு குறைகிறது. அரிவாள் நோயில் சங்கிலியின் தரம் மாறுகிறது. இந்த வேறுபாடு அடிக்கடி கேட்கப்படும். பீட்டா தலசீமியாவும் அரிவாள் நோயும் ஒரே ஜீனின் கோளாறுகள். ஆகவே ஒருவர் அரிவாள் கடத்தி, மற்றவர் பீட்டா தலசீமியா கடத்தி என்றாலும் குழந்தைக்கு இரண்டும் சேர்ந்த நோய் வர 1/4 வாய்ப்பு உண்டு. ‘இருவருக்கும் வேறு வேறு நோய், பயமில்லை’ என்று எழுதிவிடக் கூடாது. ஆல்ஃபா தலசீமியாவுக்கு 16ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து இரண்டு ஜீன்கள், ஒருவரிடம் மொத்தம் நான்கு; எளிய ஓஒ கணக்கு அதற்குப் போதாது.

விதிகள் வளையும் இடங்கள்

மேலே சொன்ன படிகள் அல்லீல் இருந்தால் நோய் வெளிப்படும் என்று கொள்கின்றன. உண்மைக் குடும்பங்களில் அப்படி இல்லாமல் போவதுண்டு. ஹண்டிங்டன் பெரும்பாலும் 30 வயதுக்குமேல்தான் தெரியவரும். படத்தில் இருபது வயதுக்காரர் ‘நோயற்றவர்’ என்று இருந்தால் அது இன்னும் முடிவல்ல. அகாண்ட்ரோப்ளேசியா என்ற குட்டை உடலமைப்பு ஓங்கு. ஆனால் அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இயல்பான உயரம் கொண்டவர்கள். புதிய திடீர்மாற்றம்தான் காரணம். மூன்றாம் படியின் விதியை அங்கே வைத்தால் ஒடுங்கு என்று தவறான விடை வரும்.

பிறவிச் செவிட்டுத்தன்மை இன்னும் சிக்கல். கேட்கும் திறனற்ற இருவருக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்பதுண்டு. ஓங்கு என்று எழுதத் தோன்றும். ஆனால் அப்பாவுக்கு ஒரு ஜீனிலும் அம்மாவுக்கு வேறொரு ஜீனிலும் ஒடுங்கு குறை இருந்தால், பிள்ளைகள் இரண்டிலும் ஒவ்வோர் இயல்பு அல்லீலைப் பெற்றுத் தப்புகிறார்கள். வினாவில் செவிட்டுத்தன்மை வந்தால் இதை மனதில் வையுங்கள்.

உறவுத் திருமணம் தொடரும் குடும்பத்தில் ஒடுங்கு நோய் தலைமுறை தவறாமல் தோன்றி ஓங்கு போலக் காட்சி தரும். இரட்டைக் கோட்டைக் கண்டால் ‘ஒவ்வொரு தலைமுறையிலும் இருக்கிறது’ என்ற வாதத்தை ஒதுக்கிவிட்டு மூவர் அமைப்புகளை மட்டும் நம்புங்கள்.

நாணயம் வைத்துப் பயிற்சி

மற்றவர் வரைந்த படங்களைத் தீர்ப்பதோடு நிற்காமல் நீங்களே உண்டாக்கிப் பழகுங்கள். ஒரு முறையைத் தேர்ந்தெடுங்கள், உதாரணமாக ஆட்டோசோம் ஒடுங்கு. முதல் தம்பதிக்கு ஓஒ, ஓஒ என்று தனித்தாளில் எழுதுங்கள். இரண்டு நாணயங்களைச் சுண்டுங்கள், ஒன்று அப்பாவின் அல்லீல், மற்றொன்று அம்மாவின் அல்லீல். தலை விழுந்தால் ஓ, பூ விழுந்தால் ஒ. மூன்றாவதாக ஒன்றைச் சுண்டிப் பால் முடிவு செய்யுங்கள். நான்கு பிள்ளைகள், அவர்களுக்குத் துணைகள், அடுத்த தலைமுறை என்று மூன்று தலைமுறை வரையுங்கள். நோயுள்ளவர்களை மட்டும் நிறைத்து, மரபு வகைத் தாளை மறைத்துவிட்டு, படத்தை நண்பரிடம் கொடுங்கள். அவர் எந்த முறைகளைத் தள்ளினார், எந்த மூவரை வைத்துத் தள்ளினார் என்று எழுதித் தர வேண்டும். முறையின் பெயரை மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை.

சில படங்களில் நோயே வராது. நாணயத்தில் தவறில்லை. கடத்திகளான பெற்றோருக்கு நான்கு பிள்ளைகள் இருந்தாலும் ஒருவருக்கும் நோய் வராத வாய்ப்பு 3/4 × 3/4 × 3/4 × 3/4 = 81/256, ஏறக்குறைய 32 விழுக்காடு. இரண்டு பிள்ளைகள் என்றால் 9/16, பாதிக்கும் மேல். சிறிய குடும்பங்களில் ஒடுங்கு நோய் ‘பரம்பரையிலேயே இல்லாதது, எங்கிருந்தோ வந்தது’ போலத் தோன்றுவதற்கு இந்த எண்தான் காரணம். அப்படி வெறுமையாக வந்த படத்தைக் கிழித்துப் போடாமல், மரபு வகைத் தாளோடு ஒப்பிட்டு, மறைந்திருக்கும் கடத்திகளின் மேல் ஒவ்வொரு புள்ளி வைத்துப் பாருங்கள்.